லெஃப்ட் என்றால் இடது: கொழும்பு சர்வதேசப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், கற்றல் ஆதரவுப் பிரிவுகளில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும்,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். என் மகன் மூன்றாம் தரத்தில் இருந்தபோது கணிதத் தாள் ஒன்று வீட்டுக்கு வந்தது. மரத்தில் 12 மாம்பழம், 5 விழுந்துவிட்டது, 'ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?', அதாவது எத்தனை மிச்சம்? பக்கத்தில் மரத்தின் படம். ஆங்கிலத்தில் 'லெஃப்ட்' என்றால் மிச்சம், இடது இரண்டும்தான். இவன் இடது பக்கத்துக் கொப்புகளில் தொங்கிய பழங்களை எண்ணி 4 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் பெரிதாகப் பிழை போட்டிருந்தது.

அன்று பின்னேரம் என் அம்மா அதே கணக்கைத் தமிழில் கேட்டார். "பன்னிரண்டிலை அஞ்சு விழுந்திட்டுது, மரத்திலை எத்தனை மிச்சம்?" சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே "ஏழு" என்றான். "விழுந்ததை ஆர் எடுத்தது அம்மம்மா?" என்று ஒரு கேள்வியும் கேட்டான்.

இரண்டு கிழமை கழித்து எங்களைப் பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். எந்தப் பாடசாலை என்பது இங்கே முக்கியமில்லை. முக்கால் மணி நேரம் மகனைச் சோதித்திருந்தார்கள், முழுவதும் ஆங்கிலத்தில். 'ஸ்லோ லேர்னர்', மெதுவாகப் படிக்கிற பிள்ளை, என்ற சொல் மேசைக்கு வந்தது. கிழமையில் மூன்று நாள் தனி வகுப்பு, அதற்குத் தவணைக் கட்டணத்துக்கு மேலே இன்னொரு கட்டணம். சரி, அதைக் கட்டலாம். அடுத்த ஆலோசனைதான் எங்கள் வீட்டைக் குழப்பியது: வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் கதையுங்கள்.

நாங்கள் அப்படியே செய்தோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்கு அலுவலக ஆங்கிலம் தெரியும்; மின்னஞ்சல் எழுதுவேன், கூட்டத்தில் பேசுவேன். ஆனால் பிள்ளையைக் கொஞ்சவோ, ஏசவோ, கடலில் அலை ஏன் வருகிறது என்று விளங்கப்படுத்தவோ என்னிடம் ஆங்கிலம் இல்லை. சாப்பாட்டு மேசையில் 'ஈட்', 'ஃபினிஷ்', 'குவிக்' என்று மூன்று சொற்களுக்குள் எங்கள் குடும்பம் சுருங்கியது. அம்மம்மா கதை சொல்வதை நிறுத்தினார். அவன் நல்ல தமிழை விட்டுவிட்டு என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டிருந்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு நானே அதை நிறுத்தினேன்.

நீங்கள் எல்லோரும் லண்டன் ஓ.எல். (சாதாரண தரம்), ஏ.எல். (உயர்தரம்) பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறீர்கள். அதே இங்கிலாந்தில் பிள்ளைகள், குடும்பங்கள் பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டில் பேசும் மொழியும் படிப்பிக்கும் மொழியும் வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்கிறது. பாடத்திட்டத்தை அங்கிருந்து எடுக்கிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்து எடுத்திருக்கலாம்.

'உங்கள் மகன் விளையாட்டு மைதானத்தில் நன்றாக ஆங்கிலம் கதைக்கிறானே, அப்போ மொழி பிரச்சினையில்லை' என்றும் சொன்னார்கள். ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 1979இலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். விளையாடவும் சண்டை பிடிக்கவும் தேவையான மொழி இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். பாடப்புத்தகத்தையும் பரீட்சைக் கேள்வியையும் கையாளும் மொழிக்கு 5 முதல் 7 வருடம் வரை எடுக்கலாம். முதலாவதைப் பார்த்து இரண்டாவதும் இருக்கிறது என்று நினைத்தால், இடையில் உள்ள வருடங்களில் பிள்ளைக்கு மொக்கு என்ற பெயர்தான் மிஞ்சும்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது இன்னும் மோசம். எங்கள் மாடிக்குடியிருப்பில் ஒரு பெண்பிள்ளை. 'வீட்டில் தமிழ்தானே, போகப் போகச் சரிவரும்' என்று மூன்று வருடம் சொன்னார்கள். சரிவரவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிப்பும் கஷ்டம் என்பதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் யாரும் ஒரு தமிழ்ப் பக்கத்தை அவள் முன் வைக்கவில்லை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் அதிகம். அதனால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பையும் எழுத்தையும் கஷ்டமாக்கும் கற்றல் இடர்பாடு, உள்ள பிள்ளைகூட ஆங்கிலத்தில் விடுகிற அளவு பிழை தமிழில் விடாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, மிக மெதுவாகத்தான் வாசிக்கும். 9 வயதில் ஒரு பத்தியை அப்படி வாசிக்கிற பிள்ளையைத் தமிழ் தெரிந்த எந்த ரீச்சரும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். 'லெஃப்ட்' குழப்பம் ஒரு மொழியில் மட்டும் இருந்தால் அது மொழி. இரண்டிலும் தடங்கல் இருந்தால் அங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்த இரண்டு பிள்ளைகளும் உங்களுக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

தாமதத்துக்கு விலை உண்டு. பரீட்சையில் மேலதிக நேரம், பெரும்பாலும் 25 வீதம், கேட்பது பாடசாலைதான். பெற்றோர் நேரடியாகக் கேட்க முடியாது. நிபுணரின் அறிக்கை வேண்டும், வகுப்பிலும் அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் நேரம் கொடுத்து வந்தோம் என்று காட்டவும் வேண்டும். ஓ.எல். வருடத்தில் அவசரமாகத் தேடினால் அது எங்கே கிடைக்கும்?

இதையெல்லாம் கல்வி அமைச்சுக்கு எழுதலாமே என்று சிலர் கேட்டார்கள். சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை, அமைச்சின் பாடசாலைகள் அல்ல. அதனால்தான் நேரே உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் கேட்பதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டு ஆலோசகரோ தேவையில்லை. ஒரு பிள்ளையின் பெயரை ஆதரவுப் பிரிவின் பட்டியலில் எழுத முன்னர், அவன் வீட்டு மொழியில் ஒரு அரை மணி நேரம் கதைத்துப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில், சிங்களப் பிள்ளைக்குச் சிங்களத்தில். ஒரு கதையைச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு கணக்கைக் கேளுங்கள், ஒரு பக்கம் வாசிக்கக் கொடுங்கள். அதற்கு ஆட்கள் உங்களிடமே இருக்கிறார்கள். உங்கள் ஆசிரியர் அறையில் இடைவேளையில் தமிழும் சிங்களமும்தானே கேட்கிறது? அதே தமிழை வகுப்பில் கதைத்ததற்காக என் மகனுடைய பெயரைக் கரும்பலகையில் எழுதிய நாளும் உண்டு; அந்த வழக்கம் எங்காவது இன்னும் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

வீட்டு மொழியை மாற்றச் சொல்லும் ஆலோசனையை மட்டும் இனி எந்தத் தாய்க்கும் சொல்லாதீர்கள். ஆங்கிலம் படிப்பிக்கத்தான் உங்களுக்கு இவ்வளவு காசு கட்டுகிறோம். தமிழை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மகன் இப்போது ஆறாம் தரம். கணிதம் பரவாயில்லை, ஆங்கிலக் கட்டுரை இன்னும் இழுபறிதான். அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் தினமும் இருப்பவர் அவர்தான். அவருக்கு விளங்குகிற மொழியில் கதைக்க ஒரு ரீச்சரை அன்று ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்