முழுக்கைச் சுடிதார் வேண்டாம்

குன்னூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பார்வதிக்கு,

தீபாவளிக்கு வந்த கடிதத்துக்குப் பொங்கல் கழித்துப் பதில் போடுகிறேன். திட்டு, கொடைக்கானலில் நின்று கத்தினால் குன்னூருக்கா கேட்கப்போகிறது? இங்கே எல்லாரும் சௌக்கியம். உறைபனியில் பீன்ஸ் கருகிப்போச்சு. மூக்குப்பொடி வாத்தியார் இன்னும் வாக்கிங் போகிறார், அதே மப்ளர்.

அது கிடக்கட்டும். பேத்தியை நீச்சலுக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டு, "முழுக்கைச் சுடிதார், உள்ளே லெக்கிங்ஸ்" என்று நிபந்தனை போட்டிருக்கிறாயே, நீயாடி இது? விளையாட்டு விழாவில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியவள் வேறு யாரோ போலிருக்கிறது.

பருத்தி தண்ணீரை விடாது. ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு வீச்சுக்கும் கை வெளியே வரும். நனைந்த சட்டைக்கை ஒரு குவளைத் தண்ணீரையும் சேர்த்துத் தூக்கும். கமீஸின் கீழ்ப்பகுதி பலூன் மாதிரி உப்பிக் காலைச் சுற்றும். அக்குளில் தையல் உரசி உரசித் தோல் உரியும். கரையேறியதும் மலைக்காற்று அடித்தால் அந்த ஈரத்துணியே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நீ அடக்கம் என்று நினைப்பது அவளுக்கு ஜன்னி.

இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. 1905இல் ஆஸ்திரேலிய நீச்சல்காரி அனெட் கெல்லர்மேன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க இறங்கினாள். ஆண்கள் உடம்பில் கொழுப்பை மட்டும் பூசிக்கொண்டு இறங்கலாம், இவளுக்குத் துணி கட்டாயம். அக்குள் ரணமானதுதான் மிச்சம்.

அப்புறம் ஜெர்ட்ரூட் எடர்லி. நியூயார்க் பெண், தட்டம்மையில் காது மந்தமானவள். 1925இல் அதே கால்வாயில் முதல் முயற்சி. ஒன்பது மணி நேரம் போல நீந்தியிருப்பாள். தண்ணீரில் குப்புற மிதந்து இளைப்பாறினேன் என்றாள் இவள்; மூழ்குகிறாள் என்று சொல்லி, பயிற்சியாளர் வுல்ஃப் ஆள் விட்டுத் தொடச் செய்தார். யார் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது, அதுதான் விதி. அவர் இருபது தடவைக்கு மேல் இறங்கியும் கடக்காதவர் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மறு வருஷம் வுல்ஃபை மாற்றினாள், உடுப்பையும் மாற்றினாள். பழையது தண்ணீர் கோத்து உரசியதால், அக்காவும் இவளுமாகப் பட்டுத்துணியில் இரண்டு துண்டாக ஒன்று தயாரித்தார்கள். நீச்சல் கண்ணாடியின் ஓரத்தை உருக்கிய மெழுகால் அடைத்தார்கள். உடம்புக்கு முதலில் ஆலிவ் எண்ணெய், மேலே ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின், அதன் மேல் வாசலைனும் பன்றிக்கொழுப்பும். 1926 ஆகஸ்ட் 6, வயது 20, பதினாலரை மணி நேரத்தில் கடந்தாள். அதற்கு முன் கடந்தவர்கள் ஐந்தே பேர், ஐவரும் ஆண்கள். அவர்களில் வேகமானவருக்கே 16 மணி 33 நிமிஷம் பிடித்தது!

அதே கால்வாயில் இறங்கிய நம் வங்காளத்து ஆரதி சாகாவையும் மறக்காதே. 1959 ஆகஸ்டில் படகு தாமதம், எதிர் நீரோட்டம், கரை தெரியும் நேரத்தில் விட்டாள். செப்டம்பர் 29இல் திரும்ப இறங்கி 16 மணி 20 நிமிஷத்தில் முடித்தாள்.

சரி, பேத்திக்கு. முட்டி வரை வரும் பாலியெஸ்டர் நீச்சல் உடை வாங்கு. உன் மானமும் காப்பாற்றப்படும், குளோரினுக்கும் சீக்கிரம் நைந்து போகாது. உலர்ந்திருக்கும்போது கொஞ்சம் பிடித்தாற்போல் இருக்கவேண்டும், நனைந்தால் தளரும். அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் வாசலைன். கண்ணாடியை வாரைப் போடாமல் கண்ணில் அழுத்தச் சொல். இரண்டு விநாடி ஒட்டி நின்றால் சரியான அளவு. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து அனுப்பாதே, தொப்பி வழுக்கும். அந்த உயரத்தில் காற்று சமவெளியின் முக்கால் பங்குதான், முதல் பத்து நாள் மூச்சு வாங்கும், பயந்து நிறுத்திவிடாதே. ஏறியதும் ஈரத்தைக் கழற்றி, துவட்டி, முதலில் தலைக்குக் குல்லா. நடுங்கும்போது கொதிக்கும் வெந்நீரில் குளிக்க விடாதே. ரத்தம் தோலுக்கு ஓடித் தலை சுற்றும். வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடு.

அளவை உடனே எழுது: மார்பு, இடுப்பு, அப்புறம் தோளில் தொடங்கிக் கால் இடுக்கு வழியாகத் திரும்ப அதே தோளுக்கு வரும் சுற்று. கடைசியதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், பிறகு தோள்பட்டை வெட்டுகிறது என்று அழுகிறார்கள். கோயம்புத்தூர் போகும்போது வாங்கி, வர்க்கியோடு சேர்த்து பார்சல் போடுகிறேன். வர்க்கி பேத்திக்கு. உன் சர்க்கரை எனக்குத் தெரியும்.

உன்,
சரோ