செதுக்கோவியத்தின் அடிவரியை வெட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக் பற்றி வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் அதனுடன் வந்த செதுக்கோவியத்துக்கு, அதாவது உலோகத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த படத்துக்கு, 'பழங்காலப் படம்' என்ற குறிப்பு மட்டுமே தரப்பட்டிருந்ததும், படத்தின் அடியில் இடப்புறம் ஓவியர் பெயரும் வலப்புறம் செதுக்கியவர் பெயரும் பொறிக்கப்படும் வரி வெட்டப்பட்டிருந்ததும் மிகவும் வருத்தமளித்தன.

இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸின் விருப்பப்படி 1776-இல், குக் தம் கடைசிப் பயணத்துக்குப் புறப்படவிருந்த வேளையில், நத்தானியல் டான்ஸ் தீட்டிய ஓவியம் இன்று கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதைப் பார்த்து ஜான் கீஸ் ஷெர்வின் செப்புத்தகட்டில் செதுக்கி 1784-இல் வெளியானதே தாங்கள் அச்சிட்ட படம். சீருடையில் அமர்ந்திருக்கும் குக், தாமே வரைந்த தென்கடல் வரைபடத்தின்மீது விரல் வைத்திருக்கிறார். கோட்டு மடிப்பின் நிழல்கூட மை பூசி வந்ததன்று. உளியால் கீறிய நுண்கோடுகள் நெருங்கியும் விலகியும் உண்டாக்கியது. இவ்வளவு உழைத்த கைக்கு உரியவரின் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது.

பெயர் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புகைப்படம் இல்லாத அந்நாளில் குக்கின் முகத்தைப் பெரும்பாலோர் அச்சுப்படிகளில்தான் கண்டார்கள். அவையோ ஒன்றுபோல் ஒன்று இல்லை. இரண்டாம் பயணத்தில் உடன் சென்ற வில்லியம் ஹாட்ஜஸின் ஓவியத்தைக் கொண்டு ஜேம்ஸ் பேசைர் செதுக்கி 1777-இல் வந்த படத்தில் சாயலே வேறு. மூன்றாம் பயணத்தில் கப்பல் மருத்துவராகச் சென்ற டேவிட் சாம்வெல், தாம் பார்த்தவற்றுள் ஷெர்வினின் படம் ஒன்றே குக்கை ஒத்திருப்பதாக எழுதியிருக்கிறார். 1779-இல் ஹவாய்த் தீவில் குக் கொல்லப்பட்ட பிறகு, அவரோடு பழகியவர் தந்த இந்தச் சான்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கொலம்பஸுக்கோ, அவர் உயிரோடிருந்தபோது தீட்டியதென உறுதியாகச் சொல்லத்தக்க ஓவியம் ஒன்றுகூட இல்லாததால், அவர் பெயரில் உலவும் செதுக்கோவியங்கள் யாவும் பின்வந்தோரின் கற்பனையே. இரண்டையும் ஒரே வகைக் குறிப்போடு அச்சிட்டால், நேரில் கண்டு வரைந்த முகம் எது, கற்பித்த முகம் எது என்று பள்ளி மாணவர் எவ்வாறு அறிவர்?

எனவே, இத்தகைய படங்களை இனி அடிவரியோடு முழுமையாக வெளியிடுமாறும், இடம் போதாவிடில் ஓவியர், செதுக்கியவர், ஆண்டு ஆகிய மூன்றையாவது படக்குறிப்பில் சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை