குதிரை லாயத்துக்கு வந்த பாய்லர் விறகு

அனுப்புநர்: அந்தியூர் வட்டத்தில் இரண்டு குதிரை வளர்க்கும் உங்கள் வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குதிரைப் படுக்கைக்கான மர பெல்லட் என்று சொல்லி வேறு சரக்கு அனுப்பியது, பணத்தைத் திருப்பிக் கேட்பது குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் 4ஆம் தேதி உங்களிடம் குதிரைப் படுக்கை பெல்லட் 20 மூட்டை வாங்கினேன். மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருண்டைகள் அவை, லாயத்தில் பரப்பித் தண்ணீர் தெளித்தால் உதிர்ந்து தூளாக வேண்டும். மூட்டை 20 கிலோ, விலை 640 ரூபாய். லாரி வாடகை 900 சேர்த்து 13,700 ரூபாயை முன்பே கட்டிவிட்டேன். வந்து இறங்கியது குதிரைக்குப் படுக்கை போடுகிற சரக்கே அல்ல, பாய்லரில் எரிக்கிற பெல்லட். உங்கள் சேவை எண்ணில் மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் "தண்ணீர் பத்தல சார், இன்னும் தெளிங்க" என்ற ஒரே பதில். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

பெல்லட் எனக்குப் புதிது இல்லை. என்னிடம் இருப்பது செவலி என்ற கத்தியவாரிக் குதிரையும் மணி என்ற மட்டக்குதிரையும். செவலியை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கினேன். முதலில் எல்லோரையும் போல வைக்கோல்தான் போட்டேன். போட்டதில் பாதியை மணி தின்றுவிடுவான். மீதி நனைந்து பூஞ்சை பிடிக்கும். அந்தத் தூசியில் செவலிக்கு இருமல் வந்தது. குதிரைக்கு நம்மைப் போல வாயால் மூச்சுவிட வராது, மூக்கு ஒன்றுதான் வழி. படுக்கைத் தூசி அதற்குச் சின்ன விஷயம் இல்லை. மர அறுவை மில்லில் தூள் வாங்கிப் பார்த்தேன். எந்த மரம், என்ன மருந்து அடித்த மரம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் கோயமுத்தூரில் குதிரையேற்றம் சொல்லித்தருகிற நண்பர் ஒருவர் பெல்லட்டைச் சொன்னார். அவர் காட்டிய கடையில் ஒன்றரை வருடம் வாங்கினேன். அவர்கள் இந்தப் பக்கம் வண்டி அனுப்புவதை நிறுத்திய பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

ஆகவே எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும். செவலியின் அறை 12க்கு 12 அடி. அதற்கு முதல் தடவை ஏழு மூட்டை. கொட்டிப் பரப்பி, மூட்டைக்கு ஆறேழு லிட்டர் கணக்கில் பூவாளியால் தெளித்து, இருபது நிமிடம் விட்டால் போதும், உப்பி உதிர்ந்து மெத்தென்ற தூளாகிவிடும். இரண்டு மூன்று மடங்கு பெருகும். அதற்குப் பிறகு தினமும் லத்தியை மட்டும் சல்லடை மாதிரியான முள்வாரியில் அள்ளினால் தூள் கீழே உதிர்ந்துவிடும். மூத்திரம் பட்ட இடம் அடியில் கட்டியாக நிற்கும், அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். வாரத்துக்கு ஒரு மூட்டை, அதிகம் போனால் ஒன்றரை. நல்ல பெல்லட்டில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. உலர்ந்த மரத்தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் தள்ளும்போது மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் விட்டுவிடும். விஷயம் அவ்வளவுதான்.

உங்கள் சரக்கில் ஏழு மூட்டைக்கு நாற்பத்தைந்து லிட்டர் தெளித்தேன். அரை மணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தால் கூழாங்கல் மேல் கை வைத்த மாதிரி இருந்தது. உங்கள் ஆள் போனில் சொன்னபடி மறுபடி முப்பது லிட்டர். மறுநாள் காலையில் மேலே அரை அங்குலம் சேறு, கீழே அதே உருண்டை. மணியின் சின்ன அறையில் ஐந்து மூட்டை போட்டிருந்தேன். அங்கேயும் இதே கதை. ஒரு மூட்டையை மட்டும் முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு டம்ளரில் வைத்துப் பார்த்தேன். பழைய கடைச் சரக்கு அரை மூட்டை மிச்சம் இருந்தது. இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் பழையது ஒரு கைப்பிடி, இன்னொன்றில் உங்களுடையது ஒரு கைப்பிடி, இரண்டிலும் ஒரே அளவு வெதுவெதுப்பான தண்ணீர். பழையது பத்து நிமிடத்தில் டம்ளர் விளிம்புவரை பொங்கி வந்தது. சந்தன நிறம், அறுத்த மரத்தின் வாசனை. உங்களுடையது ஒரு மணி நேரம் கழித்தும் அடியில் கிடந்தது. தண்ணீர் மட்டும் கறுத்துவிட்டது. ஒன்றை எடுத்துப் பிளந்தால் உள்ளே காய்ந்தபடியே இருக்கிறது, நடுவில் நிலக்கடலைத் தொலி. இன்னொன்றில் நீல நிறத்தில் ஒரு சில்லு, பெயிண்ட் அடித்த பலகையாக இருக்கலாம். அளவும் வேறு. உங்கள் விளம்பரத்தில் 6 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, அளந்து பார்த்தால் 8. இரண்டு டம்ளரின் போட்டோவும் இணைத்திருக்கிறேன்.

மணிக்கு ஆனதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. வெறும் மரத்தூளை அவன் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான். உங்கள் பெல்லட்டில் கடலை வாசனை இருக்கிறதே, மூன்றாம் நாள் மாலை தின்ன ஆரம்பித்துவிட்டான். பூவாளியோடு நான் உள்ளே போனபோது கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான், இரண்டு மூக்கிலும் எச்சிலும் பழுப்புச் சேறும் வழிந்துகொண்டிருந்தது. உணவுக்குழாயில் அடைத்துவிட்டது. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது, அடைத்தது கீழே போனால்தான் உண்டு. தீவனத்தையும் தண்ணீரையும் எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து மயக்க ஊசி போட்டு, குழாய் விட்டுத் தண்ணீர் ஏற்றி இறக்கி அடைப்பை எடுக்க இரவு பத்தரை ஆனது. நுரையீரலுக்குள் போயிருந்தால் நிமோனியா வரும் என்று ஐந்து நாளைக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். செலவு 2,850 ரூபாய். பிழைத்துக்கொண்டான், இப்போது நன்றாகத் தின்கிறான்.

செவலி தின்னவில்லை, ஆனால் நான்கு இரவும் படுக்கவில்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்க வேண்டுமென்றால் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். வழக்கமாகக் காலையில் அவள் வலது விலாவிலும் வாலிலும் மரத்தூள் ஒட்டியிருக்கும், அதைத் தட்டிவிட்டுத்தான் என் நாள் தொடங்கும். அந்த நான்கு நாளும் தட்டிவிட ஒன்றுமே இல்லை. உருண்டைகள் மேல் காலை வைத்தால் சறுக்குகிறது, அவள் எப்படிப் படுப்பாள்? மூத்திரத்தையும் அது உறிஞ்சவில்லை. அப்படியே ஓடி வாசல் பக்கம் தேங்கி, விடியற்காலையில் கதவைத் திறந்தால் அமோனியா நெடி கண்ணைக் கரித்தது.

ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டினோம். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் காலி மூட்டைகளைக் கழுவிக் காயப்போட்டார். அப்போது ஒரு மூட்டையில் குதிரைப் படம் போட்ட உங்கள் ஸ்டிக்கர் ஊறிக் கழன்று வந்தது. அடியில் மூட்டையிலேயே அச்சடித்த எழுத்து: பாய்லர் எரிபொருள், ஈரம் படாமல் வைக்கவும். மற்ற மூட்டைகளிலும் உரித்துப் பார்த்தோம். பன்னிரண்டிலும் அதேதான். திருப்பூர், பெருந்துறைப் பக்கம் பாய்லருக்கு பெல்லட் போவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதில் தப்பொன்றும் இல்லை. எரிக்கிற சரக்கில் கடலைத் தொலி இருந்தால் என்ன, பலகைத் துண்டு இருந்தால் என்ன? அதையே குதிரைப் படம் ஒட்டி விற்றதுதான் என் புகார். ஈரம் படாமல் வைக்கச் சொல்லும் சரக்குக்கு இன்னும் தண்ணீர் ஊற்றச் சொன்னார் உங்கள் ஆள்!

"வேறு யாரும் புகார் சொல்லவில்லை" என்று உங்கள் சேவைப் பிரிவில் சொன்னார்கள். சொல்லாதவர்கள் வீட்டுக் குதிரைகளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் கேட்பது இவை. மூட்டை விலையும் வண்டி வாடகையும் 13,700, மருத்துவச் செலவு 2,850, ஆக 16,550 ரூபாயை என் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். பிரிக்காத எட்டு மூட்டையை உங்கள் செலவில் எடுத்துப்போக வேண்டும். இந்தச் சரக்கில் என்னென்ன மரம், வேறு என்ன கலந்திருக்கிறது என்று எழுத்தில் தர வேண்டும். மணி தின்றிருப்பதால் மருத்துவரும் அதைக் கேட்கிறார். இதே சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். பணத்தைவிட இது முக்கியம். பாதிப் பணம், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி என்ற பேச்செல்லாம் வேண்டாம், இனி உங்களிடம் ஆர்டர் போடப்போவதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். குதிரைகள் என் சொந்த வளர்ப்பு, வாடகைக்கு விடுவதில்லை. ஆகவே வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

பில் நகல், டம்ளர் போட்டோ, ஸ்டிக்கர் உரித்த மூட்டைகளின் போட்டோ, மருத்துவர் சீட்டு, மருந்துக்கடை ரசீது எல்லாம் இதோடு இருக்கின்றன. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் எட்டு மூட்டையும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். வண்டி அனுப்பும் முன் ஒரு போன் செய்யுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் வேண்டாம், அது செவலி வெளியே நடக்கிற நேரம், லாரிச் சத்தத்துக்கு மிரளுவாள்.

இப்படிக்கு,
செவலி, மணி இருவரையும் வளர்ப்பவர்