பேர் கேட்காமல் விட்ட அண்ணனுக்கு நன்றி

போன சனிக்கிழமை சாயங்காலம், காட்பாடி பக்கம் ஒரு மைதானத்தில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி பாதியில் நின்றுவிட்டது. மேலே மழை மேகம். நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. பின்சக்கரம் புல்லைத் தேய்த்ததுதான் மிச்சம்.

வேலிக்கு வெளியே டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு நீங்கள் வந்தீர்கள். "இன்னாப்பா, லிவரை இழுக்காம தள்ளினா எப்படிப் போகும்?" என்றபடி குனிந்து, பின் அச்சுக்குப் பக்கத்தில் காய்ந்த புல் அப்பி மறைந்திருந்த விரல் கனக் கம்பியை இழுத்து மாட்டினீர்கள். பார்க்கிங் பிரேக்கையும் எடுத்துவிட்டீர்கள். இது ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டி, அதாவது ஆயில் அழுத்தத்தில் சக்கரம் சுற்றும் வண்டி, இன்ஜின் நின்றால் பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே ஆயில் அடைபட்டு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், கம்பியை இழுத்தால்தான் ஆயிலுக்குச் சுற்றுவழி கிடைக்கும் என்றீர்கள். அப்புறம் இரண்டு பேரே ஷெட் வரை தள்ளிவிட்டோம். மெதுவாக, கயிறு கட்டி இழுக்காமல், நீங்கள் சொன்னபடியே.

கம்பியைத் திரும்ப உள்ளே தள்ளாவிட்டால் ஸ்டார்ட் ஆனாலும் நகராது என்றும் சொன்னீர்கள். சரியாக அதையே மறந்து, ஞாயிறு காலை அரை மணி நேரம் முழித்தோம்!

அன்றைக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. இந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பாருங்கள் அண்ணா, அந்த டீ பாக்கி இருக்கிறது.