கதைகளில் ஆச்சி வளர்த்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாத்தா, ஆச்சியிடம் வளரும் குழந்தையைப் பெற்றோரை இழந்த பிள்ளையாகவே நம் சிறுவர் கதைகள் பெரும்பாலும் காட்டுவது எனக்கு நெடுநாள் வருத்தம். 19ஆம் நூற்றாண்டில் ஜொஹானா ஸ்பைரி எழுதிய ‘ஹெய்டி’யிலும் ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவிடம் வந்து சேரும் சிறுமி அநாதைதான். எங்கள் திருநெல்வேலிச் சீமையிலோ, தந்தையும் தாயும் பிழைப்புக்காக வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, ஆச்சி கையால் உண்டு வளரும் பிள்ளைகள் பலர்.

நானும் முக்கூடலில், ஆச்சி பீடித்தட்டை மடியில் வைத்து இலை சுருட்ட, அருகில் அமர்ந்து பாடம் படித்து வளர்ந்தவன். விடுமுறைக்கு வந்த அம்மாவை விருந்தாளியைப் போலக் கதவோரம் நின்று பார்த்ததும், அவர் மும்பைக்குத் திரும்பிய இரவில் அழுகை வரவில்லையே என்று மனம் குறுகியதும், முதுமையில் மறுபடியும் பிள்ளை வளர்த்த ஆச்சியின் களைப்பும் (அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை) நான் படித்த கதைகளில் இல்லை. அன்பும் ஏக்கமும் ஒருசேர வளரும் அந்த வீடுகளைப் பற்றிய கதைகளைத் தங்கள் சிறுவர் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.