வால்பாறை கிளம்பும் முன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, இந்த வருஷமும் மரவள்ளிதான் போட்டிருக்கிறோம்.

கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: பிரேக் பிடித்தால் காரின் முன்சக்கரம் கீச்சிடுகிறது, வால்பாறை போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. அதற்காகத்தான் இன்றே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆழியாறு பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜின் பாடு, இறங்கும்போது பிரேக் பாடு.

போன மாதம் எனக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவை அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கூட்டிப் போய்விட்டு கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். அங்கே 70 வளைவு. பாதி இறங்கியிருப்போம், இடது முன்சக்கரத்தில் இரும்பை இரும்பில் வைத்துத் தேய்க்கிற மாதிரி கரகரவென்று சத்தம். பெடலில் அதிர்வு காலுக்கே தெரிந்தது. கருகல் வாடை வேறு. அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தேன். பின்சீட்டில் அம்மா பேசவே இல்லை.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் பிரேக் பேட், அதில் தேய்கிற பகுதிதான் லைனிங். வெளிப்பக்க பேடில் லைனிங் நன்றாகவே இருந்தது. அதைத்தான் நான் கிளம்பும் முன் சக்கரத்து இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போதும் என்று நினைத்திருந்தேன். உள்பக்க பேடை எடுத்துக் கையில் கொடுத்தார். லைனிங் துளிகூட இல்லை, வெறும் இரும்புத் தகடு, ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. பேடுகளை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் நகர்வதற்கான பின் (கம்பி) துருப்பிடித்து இறுகிவிட்டதால் பாரம் முழுக்க உள்பக்கமே விழுந்திருக்கிறது. டிஸ்க்கில் நகத்தை ஓட்டினால் கோட்டுக்குக் கோடு மாட்டியது. டிஸ்க்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போய்விட்டதால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியதாயிற்று. பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு.

இன்னொன்றையும் சொல்கிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது, நான் ஊற்றி நிரப்பிவிட்டேன். பேட் தேயத் தேய அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் போய் நிரப்பும், அதனால்தான் மட்டம் இறங்குகிறது. வண்டி தானாகவே சொன்னதை நான்தான் மறைத்துவிட்டேன். நீயும் ஊற்றியிருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லிவிடு.

உன் வண்டிச் சத்தத்தைக் கொஞ்சம் கவனி. மழையில் நின்ற வண்டியில் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் சத்தம் வந்து போய்விட்டால், அது டிஸ்க்கில் படிந்த லேசான துரு, பயமில்லை. நாள் முழுக்கக் கீச்சென்று வந்தால் விஷயம் வேறு. நிறைய பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். லைனிங் தேய்ந்து தீரப்போகும் நேரத்தில் அது டிஸ்க்கில் உரசி அப்படிச் சத்தம் போடும். கரகரப்பு வருகிறவரை காத்திருக்காதே.

ஒரு பேட் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று கேட்டிருந்தாய். அதற்குக் கணக்கே கிடையாது. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் மிதிக்கிறவனுக்குச் சீக்கிரம் தேயும், பைபாஸிலேயே ஓடுகிறவனுக்கு நாள் வரும். கனம்தான் கணக்கு. புது லைனிங் சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. வந்தால் மாற்றிவிட வேண்டும். நாலு ஏடிஎம் கார்டை அடுக்கினால் வருகிற கனம் அது. மலைக்குப் போகிறவன் 4 இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது என்பேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சம்மதிக்காதே, முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

இதைக் கிளம்புகிற அன்று செய்யாதே. புது பேட் டிஸ்க்கோடு படிய 200, 300 கி.மீ. ஆகும், அதுவரை அழுத்தி மிதிக்கக் கூடாது. இந்த வாரமே போட்டுவிட்டு ஊருக்குள் ஓட்டு. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றச் சொல். ஈரம் ஏறிய ஆயில் மலையிறக்கத்துச் சூட்டில் கொதித்தால் பெடல் தரைக்கே போய்விடும். அப்புறம், இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதே.

சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று உள்பக்க பேடைக் காட்டச் சொல். எத்தனை மி.மீ. இருந்தது என்று எனக்கு எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே