செயலாளரின் ஆண்டறிக்கை 2025: முழு இசைத்தட்டையும் கேட்ட பிறகே ஓட்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எல்லாக் காலத்துக்கும் சிறந்த இசைத்தொகுப்புகளின் (ஆல்பங்களின்) பட்டியல் ஒன்றைப் பினாங்கிலுள்ள நம் சங்கம் தயாரிக்க வேண்டும் என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானித்தோம். பட்டியல் இணைப்பில் இருக்கிறது. அதை எப்படி எட்டினோம் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன். முறை தெரியாமல் பட்டியலை மட்டும் பார்ப்பவர், தன் அபிமானப் பாடகர் எங்கே இருக்கிறார் என்று தேடிவிட்டு மூடிவைத்து விடுவார்.

ஒரு பட்டியல் எவ்வளவு தூரம் ஓட்டுப் போடுபவரைப் பொறுத்தது என்பதற்கு வெளியுலகில் இரண்டு சாட்சிகள் உண்டு. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகை 2003இல் வெளியிட்ட 500 தொகுப்புகளில் முதலிடம் பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’. அதே பத்திரிகை 2020இல் புதிதாக ஓட்டெடுத்தபோது மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ 24ஆம் இடத்துக்கு இறங்கியது. 1967இல் வெளியான இசை அப்படியேதான் இருக்கிறது. ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள். இன்னொன்று 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பு. அதில் ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ உலக அளவில் நான்காவதாக வந்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் முதலிடம் பெற்றது ஓர் அயர்லாந்து விடுதலைப் பாடல், இரண்டாவது ‘வந்தே மாதரம்’, மூன்றாவது பாகிஸ்தானின் ‘தில் தில் பாகிஸ்தான்’. வரிசையைப் பார்த்தாலே போதும், நாட்டுப்பற்றும் ஆள் திரட்டலும் சேர்ந்து போட்ட ஓட்டு என்று விளங்கிவிடும். நம் பட்டியல் அந்த வழியில் போகக்கூடாது என்பதே செயலவையின் முதல் கவலை.

எது தொகுப்பு?

முதல் இரண்டு கூட்டங்கள் இந்தக் கேள்வியிலேயே கழிந்தன. வீண் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேல்நாட்டில் 1948இல் எல்பி எனும் நீண்ட நேர இசைத்தட்டு வந்தபிறகு, பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம் என்ற அளவை மனத்தில் வைத்தே இசையைக் கோத்தார்கள். தமிழ்ப் படப்பாடல்கள் வெகுகாலம் நம் கைக்கு வந்தது அப்படியில்லை. முதலில் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஒரே பாட்டு. பிறகு இபி எனும் 45 சுற்றுச் சிறு தட்டு, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. ஆறு பாட்டு உள்ள படம் இரண்டு இபியில் வரும்; ஒன்றை மட்டும் வாங்கியவர் மீதியைக் கேட்டிருக்க மாட்டார். கேசட் காலத்தில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம். ரெக்கார்டிங் கடையில் தாளில் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டில் படமே மறைந்து பாட்டு மட்டும் நின்றது. ஆகவே நம்மில் பலருக்குப் பிடித்த பாடல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. முழுதாக, வரிசையாகக் கேட்ட தொகுப்புகள் மிகக் குறைவு.

அதனால் விதிகளை இப்படி வகுத்தோம். முதல் வெளியீட்டில் இருந்த பாடல்களே கணக்கு. பின்னாளில் சேர்த்த ரீமிக்ஸ் கணக்கில் வராது. பாடல்கள் பல இபிகளில் சிதறியிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக எடுத்துக்கொள்வோம். பல படங்களிலிருந்து பொறுக்கிய ‘ஹிட்ஸ்’ தட்டுகளுக்கு இடமில்லை. கதைவசனத் தட்டுகள் பற்றிக் கடும் வாதம் நடந்தது. ‘திருவிளையாடல்’, ‘விதி’ கதைவசனங்களைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்த தலைமுறை நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் மதிப்பிடுவது இசையை என்பதால் விலக்கினோம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963ஆம் ஆண்டு ‘வெங்கடேச சுப்ரபாதம்’ எல்பியைச் சேர்த்தோம். தினமும் காலையில் காதில் விழுவதால் எல்லாரும் அதைக் கேட்டதாக நினைக்கிறோம். உட்கார்ந்து முழுதும் கேட்டவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது மிகச் சில கைகளே எழுந்தன.

பட்டியலைத் தமிழ்த் திரை, தமிழ்த் திரை சாராதது, உலகம் என மூன்றாகப் பிரித்தோம்.

கேட்கும் முறை

இரண்டு தொகுப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டைக் குப்பையில் போடலாம். ஒலியளவு ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று உணராது, ‘நன்றாக இருக்கிறது’ என்று உணரும். 1990களுக்குப் பின் மறுபதிப்பான பல சிடிகளில் உச்ச ஒலிகளை நறுக்கிச் சராசரியை ஏற்றியிருக்கிறார்கள். பழைய எல்பிக்குப் பக்கத்தில் வைத்தால் சிடியே முதலில் கவரும். சத்தத்தைச் சமப்படுத்திய பிறகுதான் மிருதங்கத்தின் அடி மழுங்கிப்போனது தெரியும். ஆகவே ஒவ்வொரு தொகுப்பிலும் குரல் தெளிவாக வரும் ஒரு நிமிடப் பகுதியை எடுத்து, நடு இருக்கையில் ஒரே கைத்தொலைபேசியை ஒரே கோணத்தில் வைத்து அளந்து, சராசரி 75 டெசிபெல்லுக்கு அரை டெசிபெல் முன்பின்னாக அமைத்தோம். கைத்தொலைபேசிச் செயலி துல்லியமானதல்ல. எல்லாத் தொகுப்புக்கும் அதே கருவி என்பதால் தவறும் ஒரே அளவாக இருக்கும்; ஒப்பீட்டுக்கு அது போதும்.

அடுத்தது வேகம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்த சுழல்மேசையை நம் 50 ஹெர்ட்ஸில் செருகினால், மின்மாற்றி வைத்து வோல்டேஜைச் சரிசெய்தாலும் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும் சிங்க்ரனஸ் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். எல்பியின் 33⅓ சுற்று ஏறத்தாழ 27.8 ஆகிவிடும். நான்கு கட்டைச் சுருதியில் பாடியவர் இரண்டு கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். இதற்கு 50 ஹெர்ட்ஸ் கப்பி மாற்ற வேண்டும். சிறு பிழைகளைக் கண்டுபிடிக்க, 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து மின்விளக்கின் கீழ் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. இதற்குப் பழைய குண்டு பல்பு அல்லது நியான் விளக்கு வேண்டும். இன்றைய எல்இடி விளக்குகள் பலவற்றில் கோடு தெரியாது.

தட்டிலேயே வேகப்பிழை இருப்பதும் உண்டு. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959இல் இரண்டு நாள்களில் பதிவானது. முதல் நாள் பதிவின்போது முதன்மை நாடா இயந்திரம் மெதுவாக ஓடியதால், அதைச் சரியான வேகத்தில் இயக்கும்போது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி சற்று ஏறி ஒலிக்கின்றன. 1992இல்தான், சரியான வேகத்தில் ஓடிய மற்றோர் இயந்திரத்தின் நாடாவிலிருந்து திருத்திய பதிப்பு வந்தது. ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ மோனோ (ஒற்றைத் தடம்), ஸ்டீரியோ (இரட்டைத் தடம்) இரண்டும் வேறு வேறு கலவைகள். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் அரைச் சுருதி மேலே, வேகமாகப் போகும். இந்த இரண்டையும் பற்றி வாதாடியவர்கள் பாதி நேரம் வேறு வேறு பதிப்பைக் கேட்டுவிட்டு வந்து மோதிக்கொண்டார்கள். அதன்பின் எந்தப் பதிப்பு என்பதைக் கூட்ட அறிவிப்பிலேயே எழுதி அனுப்புகிறோம்.

எல்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டுக்கு ஓர் அநீதி நடக்கிறது. 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு 50 சென்டிமீட்டர் வரை பள்ளம் ஓடுகிறது; உள்விளிம்பில் 21 சென்டிமீட்டர் அளவுதான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டுவதால் உச்ச ஒலிகள் மங்கும், ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் சீறும். பாடகர் மேல் பழி போடுமுன் அந்தப் பாட்டைச் சிடியிலும் கேட்பது இப்போது கட்டாயம்.

மதிப்பெண்

ஒவ்வொருவரும் கேட்டு முடித்தவுடன், யாரும் வாய் திறக்குமுன், பத்துக்கு மதிப்பெண் எழுதி மடித்து வைக்க வேண்டும். அதன் பிறகு வாதம். வாதம் முடிந்து இரண்டாம் மதிப்பெண். மாற்றுபவர் காரணம் எழுத வேண்டும். காரணம் இசையைப் பற்றியதாக இருக்க வேண்டும். “படம் நூறு நாள் ஓடியது” என்றால் செல்லாது.

மொத்தத்தைக் கூட்டினால் எல்லாரும் அறிந்த தொகுப்பே வெல்லும். வெறும் சராசரி எடுத்தால் நான்கு பேர் மட்டும் கேட்டுப் பத்து போட்டது வெல்லும். அதனால் ஒவ்வொரு தொகுப்புக்கும் 6 மதிப்பெண் வீதம் பத்துக் கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தோம். எடுத்துக்காட்டுக்கு, 8 பேர் கேட்டு ஆளுக்கு 9 போட்டால் 72. கற்பனை ஓட்டின் 60ஐக் கூட்டி 18ஆல் வகுத்தால் 7.33. 30 பேர் கேட்டு ஆளுக்கு 8 போட்டால் 240. 60ஐக் கூட்டி 40ஆல் வகுத்தால் 7.5. கேட்டவர் எண்ணிக்கை கூடக்கூடக் கற்பனை ஓட்டின் பலம் தானாகக் கரையும். ஓர் இசையமைப்பாளருக்கு ஒரு பட்டியலில் மூன்று இடத்துக்கு மேல் கிடையாது என்ற விதி இல்லாவிட்டால், திரைப் பட்டியல் முழுக்க இளையராஜாவே இருந்திருப்பார்.

வாதங்கள்

திரைப் பட்டியலில் ‘கர்ணன்’ (1964) முதலிடம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள். தொடக்கத்தில் இதற்குக் கிடைத்த மதிப்பெண் சுமார்தான், ஏனென்றால் பலர் மனத்தில் இருந்தது சக்ரவாக ராகத்தில் அமைந்த ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ ஒன்று மட்டுமே. வரிசையாகக் கேட்டபோதுதான், சீர்காழி, டி.எம்.எஸ்., பி.பி. ஸ்ரீநிவாஸ், திருச்சி லோகநாதன் என்று இவ்வளவு ஆண்குரல்களை ஒரே தொகுப்பில் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிறுத்தியிருப்பது புலப்பட்டது. ‘கண்கள் எங்கே’ பாட்டில் சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்தே சுரங்கள். பி. சுசீலா நிறுத்தும் இடங்களையும், கூட்டுக்குரல்கள் அங்கே நுழையும் விதத்தையும் மூன்று முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். இரண்டாம் மதிப்பெண்ணில் மிக அதிகம் ஏறிய தொகுப்பு இதுவே.

‘ரோஜா’ (1992) இரண்டாவது. டைம் பத்திரிகை 2005இல் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்ததை ஆதாரமாகக் காட்டினார்கள். வெளிச்சான்றுகள் செல்லாது என்று தலைவர் மறுத்தது சரியே. மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’யில் தாழ்சுர ஒலி எவ்வளவு தெளிவாகத் தனியே நிற்கிறது என்று கேட்டாலே போதும், எந்தப் பத்திரிகையும் தேவையில்லை. ‘அன்னக்கிளி’ (1976) மூன்றாவது. எஸ். ஜானகியின் ‘மச்சானைப் பார்த்தீங்களா’ ஒரு பாட்டுக்காகவே ஓட்டு விழுகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்பது என் கருத்து.

திரை சாராத பட்டியலில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) முதலிடம். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு. பாக்கின் ஈ மேஜர் தனி வயலின் பார்ட்டிட்டா முன்னிசையின் மேல் கர்நாடக வயலின் கமகத்தோடு உரையாடும் இடத்தை, முதலில் பாக்கின் மூலத்தை மட்டும் கேட்டுவிட்டு அடுத்து இதைக் கேட்கும்படி அமைத்தோம். பாக்கின் சுரங்கள் நேராக நிற்க, பக்கத்தில் வயலின் வழுக்கிச் செல்வது அப்போது நன்றாகவே விளங்கியது. யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ (2006) முதல் ஐந்துக்குள் வந்தது. நம் நாட்டுத் தமிழ் ராப் என்ற சலுகையால் அல்ல என்பதை எழுதிக் கொடுத்த காரணங்களே சொல்கின்றன: சொற்கள் தாளத்தில் விழும் இடம், மெல்லின எதுகைகள்.

தட்டுப் பராமரிப்பு

பினாங்கின் ஈரக்காற்றில் தட்டுகளுக்கு முதல் எதிரி பூஞ்சணம். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வாங்கும்போது தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வெண்புள்ளிகள் பூஞ்சணம், கழுவினால் போகும். நகம் தடுக்கும் கீறல் போகாது. நடுத்துளையைச் சுற்றிக் கோடுகள் அதிகம் இருந்தால் மிக உழைத்த தட்டு.

வினைல் தட்டுக்கு மூன்று பங்கு வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த நீர்), ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பள்ளத்தின் திசையிலேயே துடைத்து, மறுபடி வாலைவடிநீரால் அலச வேண்டும். குழாய்நீர் காய்ந்தால் உப்பு பள்ளத்தில் தங்கிப் படபடக்கும். 78 சுற்று அரக்குத் தட்டில் ஆல்கஹால் ஒரு துளியும் படக்கூடாது; அரக்கு கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு: எல்பி ஊசி முனை 0.7 மில், 78க்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பி ஊசியைப் போட்டால் அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலை மட்டும் எடுத்துத் தரும். பழைய காகித உறைகளை மாற்றி, தட்டுகளை நிமிர்த்தி வைத்து, அலமாரியில் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குள் வைக்கிறோம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் உலர்த்தும் பொறுப்பை ஏற்ற நூலகப் பிரிவினருக்கு நன்றி.

நிர்வாகம்

நிதிநிலை அறிக்கையைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்கிறார். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி இந்தக் கூட்டத்திலிருந்து 60 நாள்களுக்குள் ஆண்டு விவரங்களைச் சங்கப் பதிவிலாகாவிடம் சமர்ப்பிக்க வேண்டும். பொறுப்பாளர்கள் அடையாள அட்டை நகலை இன்றே கொடுத்துவிட வேண்டுகிறேன்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, மலேசிய இசைக்குத் தனிப் பட்டியல். பினாங்கில் பிறந்த மலாய்ப் பாடகர் பி. ராம்லீயையும், இதே ஊரிலிருந்து புறப்பட்ட ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் இசைக்குழுவையும் நாம் இன்னும் தொடவேயில்லை. ராம்லீயின் பாடல்களும் பெரும்பாலும் 78 தட்டிலும் இபியிலும் வந்தவை. ஆகவே ‘எது தொகுப்பு’ விதியை அவருக்கு எப்படிப் பொருத்துவது என்று சிறு குழு முதலில் பேசி முடிக்கட்டும். இரண்டு, ஒரு கூட்டத்துக்கு ஒரே தொகுப்பு. இரண்டு வைத்தபோது இரண்டாவதற்குக் களைத்த காதுகளே கிடைத்தன. மூன்று, 78 தட்டுகளுக்கான 3 மில் ஊசி ஒன்று வாங்க ஒப்புதல்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்
ஜார்ஜ் டவுன், பினாங்கு